கண்ணாடிக் குடலில் ஓர் இட்லி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், உறையின் மேல் "ஆய்வகச் செரிமானச் சோதனையில் மூன்று மடங்கு இரும்புச்சத்து" என்று அச்சிட்டிருந்த ஒரு சத்துமாவைப் பற்றி நான்கு வரி எழுதி, அந்த வாசகத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று முடித்திருந்தேன். ஏன் நம்பக் கூடாது, அந்தச் சோதனை பொய்யா, அதைச் செய்வது யார் என்றெல்லாம் கேட்டு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இம்மாதம் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

சோதனைக் குழாயில் உணவு செரிக்கிறது என்றால் வாய், வயிறு, குடல் எல்லாம் அங்கே எங்கிருந்து வருகின்றன? ஆய்வகத்தில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

ஓர் இட்லியை எடுத்துக்கொண்டு அதன் பயணத்தைப் பின்தொடர்வோம். இட்லியிலிருந்து 5 கிராம் துண்டைப் பிட்டு எடை போட்டு, சிறிய அரைவைக் கருவியில் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார்கள்; அது பற்கள் செய்யும் வேலை. அதனுடன் உமிழ்நீரில் உள்ள உப்புகளைக் கொண்டு தயாரித்த செயற்கை உமிழ்நீரை 5 மி.லி. சேர்த்து, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியையும் கலந்து, 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் 2 நிமிடம் வைத்தால் வாயின் கட்டம் முடிந்தது. அடுத்து, அந்தக் கூழுக்குச் சம அளவாக 10 மி.லி. செயற்கை இரைப்பை நீரை ஊற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3-க்கு இறக்கி, புரதத்தை வெட்டும் பெப்சினையும் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸையும் சேர்த்து, குழாயை மூடி, மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் 2 மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். பிறகு 20 மி.லி. செயற்கைக் குடல்நீரும், பி.எச். அளவை 7-க்கு ஏற்றக் கொஞ்சம் காரமும், கணைய நொதிகளின் கலவையான பேன்கிரியாட்டினும், பித்த உப்புகளும் சேர்கின்றன. அதில் மேலும் 2 மணி நேரம். 5 கிராம் இட்லி இப்போது 40 மி.லி. கலங்கல் நீராகிவிட்டது. நொதிகளின் வேலையை நிறுத்துவதற்கான வேதிப்பொருளைச் சேர்த்தோ, திரவ நைட்ரஜனில் ஒரே நொடியில் உறைய வைத்தோ அந்த நிலையிலேயே அதைப் பிடித்துவைத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு அமினோ அமிலம், எவ்வளவு இரும்பு கரைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள்.

படிக்கும்போது சமையல் குறிப்பைப் போல எளிதாகத் தெரியும். இதில் தவறு நேரக்கூடிய இடம் நொதியை அளந்து போடும் இடம்தான். பெப்சின் பொடியை இத்தனை மில்லிகிராம் என்று எடை பார்த்துப் போட்டால் போதாது, ஏனென்றால் ஒரு புட்டியில் உள்ள பொடியின் வீரியம் அடுத்த புட்டியில் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதன் செயல்திறனைத் தனியாகச் சோதித்து, மி.லி. ஒன்றுக்கு 2000 அலகு வருமாறு கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். சோம்பல்பட்டு இதைத் தவிர்த்த ஆய்வகத்தின் எண்ணை வேறோர் ஆய்வகத்தின் எண்ணுடன் ஒப்பிடவே முடியாது.

மேலே சொன்ன அளவுகள் என் கற்பனை அல்ல. ஒரு காலத்தில் ஒவ்வோர் ஆய்வகமும் தனக்குப் பிடித்த அமிலத்தன்மையிலும் தனக்குத் தோன்றிய கால அளவிலும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தது. 2011-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் தொடங்கிய இன்ஃபோஜெஸ்ட் என்னும் கூட்டமைப்பு, பல நாட்டவரையும் உட்காரவைத்துப் பேசி, 2014-இல் பொதுவான ஒரு செய்முறையை வெளியிட்டது. 2019-இல் அதைத் திருத்தி இரண்டாம் வடிவத்தைத் தந்தது. இன்று பெரும்பாலான ஆய்வுகள் இதையே பின்பற்றுகின்றன. பேசி முடிவெடுத்ததற்கே உரிய சமரசங்கள் இதில் உண்டு. வெறும் வயிற்றில் பி.எச். 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும், சாப்பிட்டவுடன் 5-க்கு மேல் ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் முழுவதற்கும் பதிலாக 3 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டார்கள். மனித வயிறு எந்த நாளும் இரண்டு மணி நேரம் 3-இலேயே நின்றதில்லை.

உயிருள்ள உடலுக்கு வெளியே உணவைச் செரிக்க வைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?
– மதுரை வாசகர் ஒருவர்

பிரான்சின் அறிவியலாளர் ரேமியூர் 1752-இல் தன் வளர்ப்புப் பருந்துக்குக் கடற்பஞ்சுத் துண்டை விழுங்கக் கொடுத்து, அதைப் பறவை கக்கியதும் பிழிந்து இரைப்பை நீரை எடுத்தார். இத்தாலியப் பாதிரியாரும் அறிவியலாளருமான ஸ்பல்லன்சானி, பறவைகளின் இரைப்பை நீரைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, அதில் இறைச்சியைப் போட்டு, உடல் சூடு வேண்டும் என்பதற்காக அந்தக் குழாயைத் தன் அக்குளிலேயே நாள்கணக்கில் இடுக்கிக்கொண்டு திரிந்தார். இறைச்சி கரைந்தது. செரிமானம் என்பது வெறும் அரைபடுதல் அல்ல, வேதிச் செயலும் கூட என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வெந்நீர்த் தொட்டியும் வெப்பமானியும் வைத்திருக்கும் இன்றைய ஆராய்ச்சி மாணவர்கள் அந்த அக்குளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் அடிக்கடி திரும்பிப் போகும் சோதனை 1825-இல் அமெரிக்காவில் நடந்தது. மெக்கினாக் தீவில் மென்மயிர்த் தோல் வணிகக் குழுமத்தில் வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு 1822 ஜூன் 6 அன்று மிக அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமோன்ட்டின் சிகிச்சையில் அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றின் மேலிருந்து இரைப்பைக்குள் நேரே போகும் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. போமோன்ட் அதன் வழியே பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே இறக்கி, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். ஒருநாள் அந்தத் துளை வழியாக இரைப்பை நீரை ஒரு சிறு புட்டியில் வடித்து, வேகவைத்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை அதில் போட்டு, 100 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் நீரில் வைத்தார். அதே போன்ற இன்னொரு துண்டை நூலில் கட்டி இரைப்பைக்குள்ளேயே தொங்கவிட்டார். முதல் ஒரு மணி நேரம் இரண்டும் ஒரே மாதிரிதான் கரைந்தன. அதன்பின் வயிற்றிலிருந்த துண்டு பிற்பகலுக்குள் காணாமல் போயிற்று. புட்டியிலிருந்தது முழுதும் கரைய இரவு ஒன்பது மணி ஆயிற்று.

ஒரே இறைச்சி, ஒரே நீர், ஒரே சூடு. இருந்தும் இத்தனை வேறுபாடு. புட்டியில் புதிய நீர் சுரக்கவில்லை, கலக்கிப் பிசைய ஆள் இல்லை, கரைந்ததை வெளியே அனுப்ப வழியும் இல்லை. அதன்பின் வந்த ஆய்வகக் குடல்கள் எல்லாமே அந்தப் புட்டியில் இல்லாமற்போன ஏதோ ஒன்றைச் சேர்க்க முயன்றவைதான் என்று சொன்னால் மிகையில்லை. போமோன்ட் இதையெல்லாம் 1833-இல் நூலாக்கிப் புகழ் பெற்றார். செயின்ட் மார்ட்டினோ அவர் வீட்டு வேலையாளாக விறகு பிளந்தபடியே சோதனைக்கும் உட்பட்டுக் கிடந்தார், இடையிடையே ஓடியும் போனார். மருத்துவர் 1853-இல் மறைந்தார். வயிற்றில் துளையுடன் வாழ்ந்தவர் 1880 வரை இருந்தார்.

முருங்கைக் கீரையில் இரும்புச்சத்து நிறைய என்கிறார்கள். அதில் பெரும்பகுதி உடலில் சேராது என்றும் எழுதுகிறார்கள். இதில் எது உண்மை? ஆய்வகச் சோதனை இதற்கு விடை சொல்லுமா?
– பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி

இரண்டும் உண்மை. உணவில் இருப்பது ஓர் அளவு. செரிமானத்தின்போது அதிலிருந்து பிரிந்து குடல்நீரில் கரைவது இன்னோர் அளவு. குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்து உடலுக்குப் பயன்படுவது மூன்றாவது அளவு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு, தாவரங்களில் இயல்பாகவே இருக்கும் ஃபைட்டேட், டானின் போன்ற பொருள்களுடன் பிணைந்து கரையாத வண்டலாகப் படிந்துவிடுவதால், முதல் அளவு பெரிதாக இருந்தாலும் இரண்டாவது சிறுத்துவிடுகிறது. சோதனைக் குழாய் நமக்குச் சொல்வது இந்த இரண்டாவது அளவைத்தான். சத்துமாவின் உறை அதைப் படிப்பவரின் மனத்தில் மூன்றாவதாக மாற்றிவிடுகிறது. என் புகார் அவ்வளவே.

இந்தத் துறையில் நம் நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் குன்னூரில் ஒரு சிறிய அறையில் தொடங்கிய, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கான விசாரணைப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே பணியாற்றிய நரசிங்க ராவும் பிரபாவதியும் 1978-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். உணவைப் பெப்சினும் அமிலமும் கலந்த நீரில் பி.எச். 1.35-இல் செரிக்கவிட்டு, பிறகு குடலைப் போல 7.5-க்கு ஏற்றி, வடிகட்டி, வடிநீரில் அயனி நிலையில், அதாவது எதனோடும் பிணையாமல் மின்னூட்டத்துடன் கரைந்து, எவ்வளவு இரும்பு எஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டைபிரிடில் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த இரும்பு இளஞ்சிவப்பாக நிறம் காட்டும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ இரும்பும் அவ்வளவு. பணம் கொட்டி வாங்கும் கருவி எதுவும் தேவையில்லாத அந்தச் சோதனையின் முடிவுகள், மனிதர்களிடம் அளந்த இரும்பு உட்கிரகிப்புடன் நன்றாகவே ஒத்துப்போயின.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1981-இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் மில்லரின் குழு ஒரு சாமர்த்தியம் செய்தது. நுண்துளைச் சவ்வால் ஆன சிறு பைக்குள் சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றி முடிச்சிட்டு, வயிற்றுக் கட்டம் முடிந்த கூழில் அந்தப் பையை மிதக்கவிட்டார்கள். பைகார்பனேட் சவ்வின் வழியே மெல்லக் கசிந்து அமிலத்தை முறிக்கிறது. வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்கும் உணவின் பி.எச். எப்படிப் படிப்படியாக ஏறுகிறதோ அப்படியே இங்கும் ஏறுகிறது. அதே வேளையில், கரைந்த சிறு மூலக்கூறுகளில் சிக்கிய இரும்பு பைக்குள் நுழைந்துவிடுகிறது. பெரிய மூலக்கூறுகளுடன் ஒட்டிக்கொண்டது வெளியே நின்றுவிடுகிறது. கடைசியில் பையை எடுத்து உள்ளே இருப்பதை அளந்தால் போதும். புட்டிக்கு முதல் முறையாக ஒரு சுவர் கிடைத்தது இப்படித்தான்.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் இவ்வகைச் சோதனையை நம் சமையற்கட்டுக்கே கொண்டுவந்தார்கள். தானியம், பருப்பு ஆகியவற்றுடன் பூண்டோ வெங்காயமோ சேர்த்துச் செரிக்கவைத்தபோது கரைந்து வரும் இரும்பு கூடியது. சிலவற்றில் பாதிக்கு மேல் கூடியது. மாங்காய்ப் பொடியும் சிட்ரிக் அமிலமும் உதவின. புளி அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அதிலுள்ள டானின் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். புளிக்குழம்புக்காரனான எனக்கு இது வருத்தந்தான்.

ஆகவே, முருங்கைக் கீரையை வதக்கும்போது பூண்டைத் தட்டிப் போடுவதும், அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழிவதும் (கொதியில் வைட்டமின் சி அழிந்துவிடும்), சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமல் இருப்பதும் இரும்பு கரைந்து நிற்க உதவும். இதுவரை குழாயின் சொல்லை நம்பலாம். உங்கள் உடலில் எவ்வளவு சேரும் என்பதை அது சொல்லாது, ஏனென்றால் அதை முடிவு செய்வதில் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. இரும்பு இருப்புக் குறைந்தவருக்குக் குடலின் கதவு அகலமாகத் திறக்கும், நிறைந்தவருக்குச் சாத்திக்கொள்ளும். ஒரே வீட்டில் ஒரே கீரையை உண்ணும் தாய்க்கும் தந்தைக்கும் வெவ்வேறு அளவு சேருவது இதனால்தான். குழாய்க்குக் கல்லீரல் கிடையாது.

நான் சைவம். இந்தச் சோதனைகளில் சேர்க்கும் நொதிகள் எங்கிருந்து வருகின்றன?
– மயிலாடுதுறையிலிருந்து ஒரு பெரியவர்

பெப்சின் பன்றியின் இரைப்பையிலிருந்தும், பேன்கிரியாட்டின் பன்றியின் கணையத்திலிருந்தும், பித்தம் பன்றி அல்லது மாட்டிடமிருந்தும், இரைப்பை லிப்பேஸ் பெரும்பாலும் முயலிடமிருந்தும் வருகின்றன. சைவ உணவு எவ்வளவு செரிக்கிறது என்று கண்டறிய இத்தனை அசைவம் தேவைப்படுகிறது. ஆனால் அவை ஆய்வகக் குழாயோடு முடிந்துவிடுகின்றன; நீங்கள் வாங்கும் பொட்டலத்துக்குள் அந்தச் சோதனையால் எதுவும் வந்து சேர்வதில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்ற அரிசி, ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது என்று ஒரு கடையில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

எந்த ஆய்வகத்தில், எப்படி என்று முதலில் கேட்க வேண்டும். மாவுச்சத்தைக் குழாயில் சோதிக்க, ஹான்ஸ் இங்கிலிஸ்ட் 1992-இல் வகுத்த முறையை இன்றும் பின்பற்றுகிறார்கள். சோற்றை நொதியுடன் சேர்த்து, பற்கள் அரைப்பதற்கும் குடல் பிசைவதற்கும் பதிலாகச் சில கண்ணாடிக் கோலிகளையும், கலவை குழைவாக நிற்பதற்காகக் கொத்தவரை விதைப் பிசினையும் போட்டு, 37 டிகிரியில் குலுக்குகிறார்கள். 20-ஆம் நிமிடத்துக்குள் குளுக்கோஸாக மாறியது விரைந்து செரிக்கும் மாவுச்சத்து. அதன்பின் 120-ஆம் நிமிடத்துக்குள் மாறியது மெதுவாகச் செரிப்பது. அப்போதும் மாறாமல் நிற்பது செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து. இரண்டு அரிசிகளை ஒப்பிடவும், சுடுசோற்றையும் ஆறிய சோற்றையும் ஒப்பிடவும் இது மிக நல்ல முறை. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, எதிர்க்கும் வகையாக மாறிவிடுவதை இது தெளிவாகவே காட்டும்.

ஆனால் ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு என்ற எண்ணைக் குழாயிலிருந்து அறிவிக்க முடியாது. 2010-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 26642 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, குறைந்தது 10 ஆரோக்கியமான மனிதர்களுக்கு அந்த உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை அவர்களுடைய இரத்தத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் எடுத்துச் சோதித்து, குளுக்கோஸ் கரைசல் குடித்தபோது ஏறிய அளவுடன் ஒப்பிட்டால்தான் அந்த எண் பிறக்கும். வயிறு எவ்வளவு வேகத்தில் காலியாகிறது, இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்பவையெல்லாம் அந்த இரத்தத்தில் பதிவாகின்றன. கோலிக் குழாயில் பதிவாவதில்லை. "மனிதர்களிடம் சோதித்தீர்களா?" என்று கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்த அரிசியானாலும் தட்டில் குவிக்கும் அளவைக் குறைப்பதைப் பற்றி உங்கள் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

குடல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து உட்கிரகிப்பைச் சோதிக்கிறார்களாமே? அது புற்றுநோய்ச் செல் என்று என் பேராசிரியர் சொன்னது வியப்பாக இருக்கிறது.
– கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. கேக்கோ-2 என்ற அந்தச் செல் வரிசையை, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் ஜோர்கன் ஃபோ, 1977-இல், 72 வயது நோயாளி ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுத்தார். வியப்பு அதோடு முடியவில்லை. பெருங்குடலிலிருந்து வந்த இந்தச் செல்கள், ஒரு சவ்வின் மேல் நெருக்கமாகப் பரவி ஏறத்தாழ 21 நாள் வளர்ந்தபின், சிறுகுடல் செல்களைப் போல மேற்பரப்பில் நுண்விரல்களை முளைக்கவிட்டு, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, சிறுகுடலுக்குரிய நொதிகளையும் உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. மேல் அறையில் செரித்த உணவை ஊற்றி, கீழ் அறையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நொதியும் பித்தமும் கலந்த திரவத்தை நேரடியாக ஊற்றினால் அந்தச் செல்களே செரிந்து போய்விடும். நம் குடலில் அவற்றைக் காப்பாற்றும் சளிப் படலம் இங்கே இல்லை. கார்னெல் வளாகத்தில் உள்ள அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ரேமண்ட் கிளான் இதற்கு ஒரு வழி கண்டார்: செல்களுக்கு மேலே ஒரு நுண்துளைச் சவ்வைக் கட்டித் தொங்கவிட்டால் நொதிகள் மேலேயே தங்கிவிடும், கரைந்த இரும்பு மட்டும் கீழே இறங்கும். இரும்பை அளக்கவும் அவர் செல்லையே சாட்சியாக்கினார். இரும்பு உள்ளே போனால் செல் அதைச் சேமிக்க ஃபெரிட்டின் என்ற புரதத்தை உருவாக்கும். எனவே ஃபெரிட்டினை அளந்தாலே இரும்பு நுழைந்த கதை தெரிந்துவிடும். சளியைச் சுரக்கும் வேறொரு செல் வரிசையை உடன் வளர்ப்பவர்களும் உண்டு.

புற்றுநோய்ச் செல்லை விட்டு விலகும் முயற்சியும் நடக்கிறது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் 2009-இல், எலிக் குடலின் ஒரே ஒரு தண்டுசெல்லிலிருந்து (பிற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) குட்டிக் குடல் போன்ற உருண்டையை வளர்த்துக் காட்டியது. ஹார்வர்டின் வைஸ் நிறுவனம் 2012-இல், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சில்லுக்குள் கேக்கோ-2 செல்களை வைத்து, திரவத்தை ஓடவிட்டு, குடல் அசைவைப் போல அவற்றை இழுத்து இழுத்து விட்டது. அசைவு கிடைத்ததும் அந்தச் செல்கள் தாமாகவே மடிந்து, சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் போல எழும்பின. அதே செல்கள் தட்டில் மூன்று வாரம் கிடந்தும் செய்யாததை ஓட்டமும் ஆட்டமும் கிடைத்ததும் செய்தன. உங்கள் பேராசிரியரிடம் இதைப் பற்றியும் கேளுங்கள். நல்ல கருத்தரங்குத் தலைப்பாகும்.

வயிற்றையே இயந்திரமாகச் செய்திருக்கிறார்கள் என்பது உண்மையா?
– நாகர்கோவில் வாசகர்

உண்மை. நெதர்லாந்தின் டி.என்.ஓ. நிறுவனம் 1990-களில் உருவாக்கிய டிம்-1 என்ற கருவியில் இரைப்பையும் சிறுகுடலின் மூன்று பகுதிகளும் நான்கு கண்ணாடி அறைகளாக நிற்கின்றன. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நெகிழ்வான உறை; அதற்கும் கண்ணாடிக்கும் இடையில் வெதுவெதுப்பான நீர். நீரின் அழுத்தத்தைக் கணினி கூட்டிக் குறைக்க, உறை சுருங்கி விரிந்து உணவைப் பிசைகிறது. அமிலமும் நொதியும் சிறிது சிறிதாகச் சுரக்கின்றன, கரைந்த பொருள்கள் நுண்குழாய்ச் சவ்வுகள் வழியே வெளியேற்றப்படுகின்றன. போமோன்ட்டின் புட்டியில் இல்லாத மூன்றும், புதிய நீரும் பிசைவும் வடிகாலும், இதில் இருக்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் 1993-இல் வெளியிட்ட ஷைம் என்ற அமைப்பு, பெருங்குடலையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக்கொண்டது. அதில் விதைப்பதற்கு மனித மலம் தேவை. அந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைபெற வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். விலையும் பராமரிப்பும் காரணமாக இத்தகைய கருவிகள் உலகில் சில இடங்களில்தான் இருக்கின்றன. மற்றவர்கள் எல்லாம் குழாயோடுதான் காலம் தள்ளுகிறார்கள்.

நன்றாக மென்று தின்றால் சத்து முழுவதும் சேரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு 71 வயது, பற்கள் பாதிதான். பாதாமை முழுதாகத் தின்பதும் அரைத்துத் தின்பதும் ஒன்றா?
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

ஒன்றல்ல. பாதாமின் கொழுப்பு சின்னஞ்சிறு செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, அந்தச் செல் சுவரை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. எவ்வளவு மென்றாலும், கடிபட்ட துண்டுகளின் ஓரத்துச் செல்கள்தான் கிழிகின்றன. நடுவில் இருப்பவை கொழுப்போடு அப்படியே பயணம் செய்து வெளியேறிவிடுகின்றன. அமெரிக்க வேளாண் துறையினர் தன்னார்வலர்களுக்கு அளந்து உணவு கொடுத்து, அவர்களுடைய கழிவையும் சேகரித்துக் கணக்கிட்டு, 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைத்தது 129 கலோரிதான். வழக்கமான கணக்குப்படி அதில் சுமார் 170 இருக்க வேண்டும். பின்னர் இன்னோர் ஆய்வில் பாதாமை வெண்ணெய் போல அரைத்துக் கொடுத்தபோது, பழைய கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது.

நான் சத்துமாவு உறையைச் சந்தேகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வகத்தில் பாதாமை எந்த அளவுக்கு அரைத்துக் குழாயில் போடுகிறார்களோ அந்த அளவுக்கு விடை மாறும். மாவாகப் பொடித்துப் போட்டால், எந்த மனிதப் பல்லாலும் எட்ட முடியாத ஓர் எண் கிடைக்கும். உங்கள் எடை குறைவாக இருந்து, மருத்துவரும் தடை சொல்லவில்லையென்றால், ஊறவைத்துத் தோலுரித்து அம்மியிலோ மிக்சியிலோ நைய அரைத்துப் பாலில் கலந்து குடியுங்கள். எடை கூடுதல் என்றால், இருக்கும் பற்களால் ஆனமட்டும் கடித்துத் தின்னுங்கள். கடைசி நான்கைந்து துண்டுகள் சரியாக மெல்லப்படாமல் உள்ளே போனாலும் நட்டமில்லை.